ரோட்டுக் கணக்கு தனிப்பட்ட தகவலா?

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஊர் வீதியில் போட்ட சிமெண்ட் ரோடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. எஸ்டிமேட், எம் புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதி வைக்கும் புத்தகம்), பில் மூன்றுக்கும் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்தார். "ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதே வாரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை ஒட்டினார்கள். பெயரோடு ஆதார் எண், செல் நம்பர், பாங்க் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள். அவருடைய அம்மாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "இதுல எதுங்க சரி?" என்று கேட்கிறார்.

இரண்டுமே தப்பு, தம்பி. காட்ட வேண்டியதை மூடிவிட்டு, மூட வேண்டியதைக் காட்டியிருக்கிறார்கள். நான் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். கடைசி ஏழு வருஷம் தகவல் மனுக்களுக்குப் பதில் தயாரிக்கும் சீட் என்னுடையதுதான். உங்கள் மனுவுக்கு வந்த மாதிரி ஒற்றை வரிப் பதில் எப்படி உருவாகிறது என்று உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். மனு வந்ததும் சட்டப் புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. "யாருங்க இவரு? எதுக்குக் கேக்கறாரு?" என்பதுதான் முதல் பேச்சு. கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் பதில் முடிவாகும். அது தவறு. பார்க்க வேண்டியது கேட்கப்படுகிற காகிதத்தை.

எந்தக் காகிதம் ஊருக்குப் பொது, எது ஒருவருக்கு மட்டும் உரியது என்பது நேற்று வந்த குழப்பம் இல்லை. நம் பக்கம் காடு, தோட்டம் வாங்குகிறவர் யாரும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. யார் நிலத்துக்கும் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் போடலாம். காரணம், 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. கிரயம், அடமானம் ஏறுகிற முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது அது. அதே பிரிவு, உயில்கள் ஏறுகிற மூன்றாம் புத்தகத்துக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜென்டோ மட்டும்தான் நகல் வாங்க முடியும். அவர் போன பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பெரியப்பா தோட்டத்தை விற்றாரா என்று ஊருக்குத் தெரியலாம், தெரியவும் வேண்டும். யாருக்கு எழுதி வைக்கப் போகிறார் என்பது அவர் கண்மூடும்வரை அவர் மனசோடு. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலும் இதே நிதானம் இருக்கிறது. இறப்புப் பதிவேட்டைத் தேடி விவரம் கேட்க யாருக்கும் வழி உண்டு, ஆனால் என்ன காரணத்தால் இறந்தார் என்பதை வெளியே கொடுக்கக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே பதிவேடு, ஒரே வரிசை. ஒரு கட்டம் ஊருக்கு, இன்னொரு கட்டம் குடும்பத்துக்கு.

2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் முதலில் இந்த வழியில்தான் இருந்தது. தனிப்பட்ட தகவலாக இருந்தாலும், பொதுக் காரியத்தோடு சம்பந்தம் இல்லாததாகவோ, ஒருவருடைய அந்தரங்கத்தில் அநாவசியமாக நுழைவதாகவோ இருந்தால்தான் மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று 8(1)(ஜே) விரிவாகச் சொன்னது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு நல்ல வரியும் அதில் இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-ஆம் பிரிவு இத்தனையையும் வெட்டிவிட்டது. 2025 நவம்பர் 14 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது அந்த உட்பிரிவில் மிச்சம் இருப்பது "தனிப்பட்ட தகவல்" என்ற ஒரே காரணம்தான். என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தத் திருத்தம் கெடுதல். பதில் எழுதும் சீட்டில் இருக்கிறவன் நல்லவனாக இருந்தாலும், மேலிருந்து ஒருவர் "கொடுக்காதே" என்று சொன்னால் எதிர்த்துக் காட்ட ஒரு வரி வேண்டும். அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். நானே அந்த வரிகளைக் காட்டித்தான் பல முறை நகல் கொடுக்க வைத்திருக்கிறேன்.

ஆனால் கதவு முழுசாகச் சாத்தவில்லை. உங்கள் மேல்முறையீட்டுக்கு வேண்டியது இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

முதலாவது, எம் புக் தனிப்பட்ட தகவலே இல்லை. 2023 சட்டம் தனிநபர் தரவு என்று சொல்வது, ஓர் ஆளை அடையாளம் காட்டுகிற, அந்த ஆளைப் பற்றிய விவரத்தை. ரோட்டின் நீளமும் அகலமும் கான்கிரீட்டின் கனமும் ரோட்டைப் பற்றிய விவரம். கொடுத்த பணம் ஊராட்சியின் செலவு. காண்ட்ராக்டரின் பான் எண்ணோ பாங்க் கணக்கு எண்ணோ பில்லில் இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். அதற்காகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு கட்டத்துக்காகத் தாள் முழுவதையும் மறுக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, 8(2). விதிவிலக்கில் வருகிற தகவலாக இருந்தாலும், அதைக் கொடுப்பதில் உள்ள பொதுநலன் கெடுதலைவிடப் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது. பல அலுவலர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, 4(1)(பி). யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவை அதில் வரிசையாக இருக்கின்றன. மானியத் திட்டங்களின் தொகையும் பயனாளிகள் விவரமும், சலுகை, பெர்மிட், அனுமதி வாங்கியவர்கள் விவரமும், அலுவலர்களின் மாதச் சம்பளமும் அந்த வரிசையில் உண்டு. தானாக வெளியிட வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்லும்போது, அதைக் கேட்டவருக்கு "தனிப்பட்ட தகவல்" என்று பதில் சொல்வது நிற்காது. ஒரு சட்டத்தின்படி வெளியிட்டே ஆக வேண்டிய விவரத்துக்குத் தான் பொருந்தாது என்று தரவுச் சட்டமே 3-ஆம் பிரிவில் சொல்கிறது. இந்த ஒரு வரியை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும்.

மேல்முறையீட்டில் சுருக்கமாக இப்படி எழுதுங்கள்: "நான் கேட்டது ஊராட்சி நிதியில் நடந்த பணியின் அளவுகளும் செலவும். இவை எந்தத் தனிநபரையும் பற்றியவை அல்ல. ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண், பான் எண் இருப்பின் அவற்றைப் பிரிவு 10-இன்படி மறைத்துவிட்டு மீதியை வழங்கவும். மறுப்பு சரி என்று காட்டும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி பொதுத் தகவல் அலுவலரைச் சேர்ந்தது." இவ்வளவு போதும். காண்ட்ராக்டர் எப்படிப்பட்டவர், யாருக்குச் சொந்தக்காரர், எத்தனை கமிஷன் என்பதெல்லாம் மனுவில் வேண்டாம். அதை எழுதினால் மனு புகார் மனு ஆகிவிடும், அவர்களுக்குத் தட்டிக் கழிக்க இடம் கிடைத்துவிடும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணமும் சொல்ல வேண்டியதில்லை. 6(2) அதைக் கேட்கக் கூடாது என்கிறது.

நகலைவிட எனக்குப் பிடித்தது நேரில் பார்க்கிற உரிமை. பிரிவு 2(ஜே) ஆவணத்தையும் வேலையையும் பார்வையிட உரிமை கொடுக்கிறது, போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும் கொடுக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

என் சீட்டுக்கு ஒருமுறை மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில், தச்சர் வைத்திருக்கிற இரும்பு டேப். எம் புக்கைக் கொடுத்தேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சாகியிருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். பெரியவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வீதிக்கான பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டார். நீளம் 210 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 0.15 மீட்டர், ஆக 94.5 கன மீட்டர் கான்கிரீட். அப்புறம் வீதிக்குப் போய் அஞ்சு இடத்தில் டேப் பிடித்தார். எங்கேயும் 2.70-க்கு மேல் அகலம் வரவில்லை. 210-ஐ 2.70-ஆலும் 0.15-ஆலும் பெருக்கினால் 85.05. ஒன்பதரைக் கன மீட்டர் கான்கிரீட் தாளில் இருந்தது, வீதியில் இல்லை. அடுத்த நாள் அவர் கொடுத்த மனு அரைப் பக்கம். அதில் ஒருவர் பெயரும் இல்லை, எல்லாம் எண்கள். காண்ட்ராக்டரின் டெபாசிட்டில் பிடித்தம் செய்தார்கள். அந்தப் பெரியவர் யாருடைய அந்தரங்கத்தையும் தொடவில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் அவசரம்.

பட்டியலை ஒட்டியது தப்பில்லை, அதை முதலில் மனசில் வையுங்கள். யாருக்கு வீடு வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே மாடி வீடு இருக்கிறவர் பெயர் அதில் இருந்தால் கிராம சபையில் எழுந்து கேட்பது எப்படி? பெயர், ஊர், திட்டம், தொகை இவை சுவரில் இருக்கட்டும். ஆனால் ஆதார் எண் இருக்கக் கூடாது. 2016 ஆதார் சட்டத்தின் 29(4)-ஆம் பிரிவு, ஒருவருடைய ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதையும் ஒட்டுவதையும் தடை செய்கிறது. செல் நம்பரும் கணக்கு எண்ணும் ஊருக்கு எதற்கு? அவற்றை வைத்து யாரும் எதையும் சரிபார்க்கப் போவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது இந்தச் சுவருக்கும் பொருந்தும்.

இந்த மாதிரி ஒரு பட்டியலை வேறோர் ஒன்றியத்தில் நான் பார்த்திருக்கிறேன். நியாயவிலைக் கடைக்குப் பக்கத்துச் சுவர். மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஓர் ஆத்தா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, என்ற பேரு எங்கெ இருக்குதுன்னு பாரு" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். "அதென்ன, பக்கத்துல அவ்ளோ நீளமா நம்பரு?" என்று கேட்டார். ஆதார் நம்பர் என்றேன். "அதை வெளீல சொல்லக்கூடாதுன்னு பாங்க்ல சொன்னாங்களே" என்று சொல்லிவிட்டு, நகத்தால் அந்த இடத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. தாள் உரியவில்லை, கடைசி நாலு எண்தான் போனது. சட்டம் படித்தவர்கள் உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்குத் தெரியாதது அந்த ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தது. பேனா வாங்கி மீதி எட்டு எண்ணையும் நானே அடித்தேன். மற்றவர்களுடையதையும் அடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: சுவரில் இருப்பதைத் தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஆனால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஊராட்சி செயலரிடம் வாயால் சொல்லுங்கள். நிறைய இடங்களில் இது தெரியாமல் செய்தது, மேலிருந்து வந்த எக்செல் ஷீட்டை அப்படியே பிரிண்ட் எடுத்திருப்பார்கள். அன்றைக்கே எடுத்துவிட்டால் நல்லது. எடுக்காவிட்டால் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் கொடுங்கள். "ஆதார் எண், செல்பேசி எண், கணக்கு எண் நீக்கிய பட்டியலை மறுபடி ஒட்டவும்" என்று கேளுங்கள். பட்டியலையே எடுக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு அடுத்த பட்டியலை ஒட்டாமல் இருக்க அதுவே சாக்காகிவிடும். வாட்ஸ்அப் குரூப் அட்மினிடம் சொல்லி அந்தப் போட்டோவை நீக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியிலேயே செய்யலாம். ஆதார் எண், பாங்க் பெயர், விரல் ரேகை இருந்தால் மைக்ரோ ஏடிஎம்மில் பணம் எடுத்துவிட முடியும். பத்திர நகலில் இருக்கும் ரேகையைப் பிரதி எடுத்துத் திருடிய கும்பல்களை வேறு மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. லாக் போட்டிருந்தால் அந்த வழி அடைபடும். ரேஷனுக்கோ பணம் எடுக்கவோ ரேகை வைக்க வேண்டியபோது திறந்துகொள்ளலாம். இனிமேல் எங்கே நகல் கேட்டாலும் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க் ஆதாரைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மனுக் கொடுத்தவரின் பெயரும் செல் நம்பரும் அன்று சாயங்காலமே காண்ட்ராக்டருக்குப் போய்விடுவது நம் ஊர்களில் நடக்கிறது. கிராமத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான், "ஏனுங் மாப்ள, நம்ம மேலயே மனுப் போட்டீங்களாமா?" என்று போன் வரும். இது அந்தரங்க மீறல்தான். உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்று 6(2) சொல்கிறது. வீட்டு முகவரிகூட வேண்டாம், தபால் பெட்டி எண் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அதை மத்திய அரசு 2014 ஜனவரியில் தன் அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. ஆதார் நகலை மனுவோடு இணைக்காதீர்கள், செல் நம்பரும் எழுத வேண்டாம். "நான் இந்தியக் குடிமகன்" என்ற ஒரு வரி போதும். பயமாக இருந்தால் கோபியிலோ ஈரோட்டிலோ இருக்கிற நண்பர் பெயரில் போடுங்கள். தகவல் கேட்பவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றி ஊராட்சியில் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் இப்போதைக்குத் தகவல் உரிமைச் சட்டமே வழி. "என்னுடைய விண்ணப்பக் கோப்பு முழுவதும், அதில் உள்ள குறிப்புகளோடு" என்று அம்மா பெயரிலேயே கேட்கலாம். புதிய தரவுச் சட்டத்தில் நம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்க, திருத்த, அழிக்கச் சொல்ல உரிமை இருக்கிறது என்று எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். வந்தாலும், அவை நாம் சம்மதம் கொடுத்து வாங்கிய தரவுக்கு எழுதப்பட்டவை. சம்மதம் தனியாகக் கேட்காமலே மானியத்துக்கும் சான்றிதழுக்கும் விவரம் கையாள அரசுக்கு 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் செல்போன் கம்பெனியிடம் இருக்கப்போகும் அளவு உரிமை ஊராட்சியிடம் நமக்கு இருக்காது. இது எனக்கு ஏமாற்றமான விஷயம். நம்மைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருப்பது உள்ளூர் அலுவலகம்தானே?

2025 ஜனவரியில் நம் பக்கத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்குப் போனபோது, "தலைவர் இல்லீங்க, அந்தக் காலத்து ரிக்கார்டு எங்களுக்குத் தெரியாதுங்க" என்று பல இடங்களில் பதில் வந்ததைக் கேட்டேன். ரிக்கார்டு தலைவர் வீட்டுச் சொத்து இல்லை, ஊராட்சியுடையது. மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் அஞ்சு நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது 6(3)-இன்படி அவர்கள் வேலை.

கடைசியாகத் தேதிகள். மறுப்புப் பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 7(8)-ஐ மீறியிருக்கிறார்கள் என்று அதையும் ஒரு காரணமாக எழுதுங்கள். அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே காரணமில்லாமல் மறுத்தது உறுதியானால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். ஆணையத்தில் நாளாகும், அதனால் முதல் மேல்முறையீட்டையே ஒழுங்காக எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா ஆனதற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பதில் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது.

அதுவரை "வீட்டுப் பணம் வந்திருக்குதுங்க, மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யார் போன் பண்ணினாலும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடச் சொல்லுங்கள் அம்மாவை. அந்தச் சுவரைப் படித்தவன் எவனாகவும் இருக்கலாம். ஒருவேளை பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்கு போன் பண்ணிவிட்டு, அப்புறம் பாங்குக்குப் போங்கள்.